வேகத்தோடு காலாவதித் தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கணினிப் பக்கத்தில் சர்வர் ரன்டைம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோட் ஜேஎஸ், டீனோ, பன் மூன்றையும் வரிசையாக நிறுத்தி, ஒரு விநாடியில் எது அதிக முறை 'ஹலோ' சொல்கிறது என்று பட்டை வரைபடம் போட்டு, பன் வென்றது என்று முடித்திருந்தீர்கள். மறுநாள் காலை அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் அலுவலகப் பெண்கள் இருவரும் வந்துவிட்டார்கள். "அக்கா, நாமளும் மாத்திடலாமா?" என்கிறார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியில் எங்களுடையது சின்ன அலுவலகம். பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு எடைக் கணக்கு மென்பொருள், கொடநாடு சாலையில் சில காட்டேஜ்களுக்கு வலைத்தளம், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்பும் ஒருவருக்கு லோடு கணக்கு. இதுதான் பிழைப்பு. 'ஹலோ' சொல்லும் சர்வர் வேண்டுமென்று இதுவரை யாரும் எங்களிடம் வந்ததில்லை.

ரன்டைம் என்ற பெயரைப் பார்த்ததுமே பக்கத்தைத் திருப்பிய வாசகர்களுக்காகச் சில வரிகள். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடுவதற்காகப் பிறந்த மொழி. அதை வெளியே, சர்வரில் ஓட்ட வேண்டுமென்றால் மொழியை இயக்கும் எஞ்சின் வேண்டும். கோப்பைத் திறக்க, நெட்வொர்க்கில் பேச வசதிகளும் வேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் ரன்டைம் என்று பெயர். குரோமுக்காக 2008-ல் கூகுள் வெளியிட்ட வி8 எஞ்சினை எடுத்து ரையன் டால் என்பவர் 2009-ல் நோட் ஜேஎஸ் செய்தார். அந்த நவம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் அதை விளக்கிப் பேசினார். நீலகிரிக்காரர்களுக்கு 2009 நவம்பர் என்றால் வேறு ஞாபகம் வரும். கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்த மழை அது. ஏறக்குறைய அதே நாட்களில்தான் பெர்லினில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது.

டால் எடுத்துக்கொண்ட பிரச்சினை, காத்திருப்பு. ஒரு கோரிக்கை டேட்டாபேஸைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும். அதற்கென ஒதுக்கிய திரெட்டும், அதாவது நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் தனி ஓட்டமும், நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கும். நோட் அப்படி நிற்காது. கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த கோரிக்கையை எடுத்துக்கொள்ளும். பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டீனோவுக்கும் பன்னுக்கும் இதே வழிதான்.

எங்களுக்கு இது உதவுவது சாயங்காலத்தில். ஹட்டிகள் என்னும் மலைக் கிராமங்களிலிருந்து இலை கொள்முதல் கொட்டகைக்கு வந்து சேரும் நேரம் அது. சாக்கோடு தராசில் வைப்பார்கள். சாக்கு எடையைக் கழிப்பார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கும் ஒரு கழிவு உண்டு, அதற்கு ஒரு சண்டையும் உண்டு. ஏஜென்ட் தன் போனில் விவசாயியின் எண்ணையும் கிலோவையும் தட்டுவார். சோலூர்மட்டம், கீழ் கோத்தகிரிப் பக்கம் பல கொட்டகைகளில் சிக்னல் நிற்பதில்லை. அதனால் எடைகள் போனிலேயே சேர்ந்து கிடக்கும். வண்டி சிக்னல் உள்ள வளைவுக்கு வந்ததும் மொத்தமும் ஒரே மூச்சில் சர்வருக்குக் கிளம்பும். எல்லா வண்டிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அந்த வளைவுகளுக்கு வருகின்றன. எங்கள் சர்வருக்கு நாள் முழுக்க உருப்படியான வேலை அந்தக் கொஞ்ச நேரம்தான். அதையும் நோட் அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடுகிறது. பன் நான்கு மடங்கு வேகம் என்றே வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நிஜமான தலைவலி வேறு இடத்தில் இருந்தது. போன் எடையை அனுப்பிவிடும், சர்வர் பதிந்தும்விடும், 'வந்து சேர்ந்தது' என்ற பதில் மட்டும் சிக்னலோடு போய்விடும். போனுக்கு என்ன தெரியும்? மறுபடி அனுப்பும். எங்களுக்கு முன்னால் வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்த மென்பொருளில் ஒரு பெரியவரின் 42 கிலோ இலை இப்படித்தான் 84 கிலோ ஆனது. "எந்தோட்டத்துல அவ்வளவு இலையே இல்லியேம்மா" என்று அவரே வந்து சொன்னார். எல்லாரும் அவரைப் போல வந்து சொல்வார்களா? இப்போது ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாளம் உருவாகிறது. அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது. நோடோ டீனோவோ பன்னோ, வலைத்தளங்களுக்கான பழைய மொழி பிஹெச்பியோ, எதில் எழுதினாலும் இந்தக் கட்டுப்பாட்டை நாம்தான் போட வேண்டும்.

காசுக் கணக்கும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எந்த ரன்டைமில் ஓட்டினாலும் இதே விடைதான், ஏனென்றால் மொழி ஒன்றுதான். கிலோவையும் ரூபாயையும் தசமத்தில் பெருக்கிக்கொண்டு போனால் மாதக் கடைசியில் தொழிற்சாலைப் பேரேட்டுக்கும் நம் கணக்குக்கும் சில பைசா இடிக்கும். கணக்கர் விடமாட்டார். நாங்கள் எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்திருக்கிறோம்.

வேகம் வேகம் என்கிறோமே, அந்தப் பழைய மென்பொருளில் ஒரு விவசாயியின் மாதக் கணக்கைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். புதிய சர்வர் வாங்க வேண்டும் என்று தொழிற்சாலைக்கு விலைப்புள்ளிகூட வந்திருந்தது. பார்த்தால், எடைகள் உள்ள டேபிளில் விவசாயி எண்ணுக்கும் தேதிக்கும் இன்டெக்ஸே இல்லை. ஒவ்வொரு முறையும் அத்தனை வருடத்துப் பதிவுகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட்டதும் பக்கம் உடனே திறந்தது. உங்கள் 'ஹலோ' சோதனையில் டேட்டாபேஸே கிடையாது. ஆகவே எங்களுக்கு நேரம் எங்கே போகிறதோ, அந்த இடத்தை அது தொடவே இல்லை.

சரி, வேகம் இல்லையென்றால் வேறு எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? நான் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியை. மருந்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கிறோமே, அப்படி. மலையில் ஒரு கம்ப்யூட்டரை ஒருமுறை மேசைக்கு அடியில் வைத்தால் அது அங்கேயே பத்து வருடம் இருக்கும். மேலே யுபிஎஸ், அதற்கு மேல் சாக்குப் பை. ஒரு தொழிற்சாலையில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே நோட் 12 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கு ஆதரவு 2022 ஏப்ரல் 30-லேயே முடிந்துவிட்டது. அதாவது அதற்குப் பிறகு கண்டுபிடித்த எந்தப் பாதுகாப்பு ஓட்டைக்கும் அதில் அடைப்பு வராது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்பார்கள். ஓடும், அதுதான் ஆபத்து.

நோட் விஷயத்தில் எனக்குப் பிடித்தது, இந்தத் தேதிகளை முன்கூட்டியே அச்சடித்த மாதிரி சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான். இதுவரையிலான வழக்கப்படி இரட்டைப்படைப் பதிப்புகள்தான் நீண்டகால ஆதரவுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 மாதம். நோட் 18-க்கு 2025 ஏப்ரல் 30-ல் முடிந்தது. 20-க்கு 2026 ஏப்ரல், 22-க்கு 2027 ஏப்ரல், 24-க்கு 2028 ஏப்ரல். நாங்கள் அமைத்துத் தரும் பெட்டியின் முகப்பிலேயே அந்தத் தேதியை எழுதி ஒட்டிவிடுகிறோம். ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது முதலாளிக்கு விளக்கவே வேண்டியதில்லை, அவரே கேட்கிறார்.

தேதியைத் தவறவிட்டவர்கள் படும் பாடு தனி. நோட் 17-லிருந்து உள்ளே இருக்கும் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. நிரல் கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவியான பழைய வெப்பேக் 4 வைத்துக் கட்டிய திட்டத்தை அதில் கட்டப் போனால், 'டிஜிட்டல் என்வலப்' என்ற சொற்கள் உள்ள ஒரு பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஒவ்வொரு படியாக ஏறியிருந்தால் ஒரு சாயங்கால வேலை. ஐந்து பதிப்பைத் தாண்டி ஒரேயடியாகக் குதித்தால் எது எதனால் உடைந்தது என்று தேடுவதற்கே வாரம் போய்விடும்.

அடுத்து, இன்ஸ்டால். இதைக் கோயம்புத்தூர் நண்பர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமான மழை. ஐப்பசி கார்த்திகையில் ஏதாவது ஓர் இடத்தில் மரம் விழும், மண் சரியும், கேபிள் போகும். அந்த நேரத்தில், மற்றவர்கள் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை நெட்டிலிருந்து இறக்கும் நோடின் என்பிஎம் கருவிக்கு இன்ஸ்டால் கட்டளை கொடுத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வேண்டும். சில தொகுப்புகள் இறங்கிய பிறகு, தங்களுக்கு வேண்டிய பைனரியை, அதாவது நேரே ஓடக்கூடிய கோப்பை, இன்னொரு தளத்திலிருந்து இழுக்கும். அது கிடைக்காவிட்டால் சி++ மூலத்திலிருந்து கட்டப் பார்க்கும். அதற்கு நோடின் ஹெடர் கோப்புகள் வேண்டும், அவையும் நெட்டில்தான் இருக்கின்றன. தொண்ணூறு சதவீதத்தில் நெட் போனால் மனசு விட்டுப்போகும். இதற்கு நாங்கள் செய்வது, எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை விடாமல் வைத்துக்கொண்டு, எல்லாத் தொகுப்பையும் அலுவலகத்திலேயே இறக்கி, பென் டிரைவில் எடுத்துப்போவது. கோ மொழியில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை; ஒரே கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் ஓடும். அந்த மொழியின் 2012-ன் முதல் பதிப்புக்கு எழுதியவை பின்னால் வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்து, பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். உங்கள் கட்டுரை கோ மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் பெண்களில் ஒருத்தி அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கேரட் லோடு கணக்கின் அடுத்த பதிப்பு அதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

தொகுப்புகள் என்றதும் 2016 மார்ச் ஞாபகம் வருகிறது. 'லெஃப்ட்பேட்' என்று 11 வரித் தொகுப்பு ஒன்று. ஒரு சொல்லின் இடதுபக்கம் வெற்றிடம் நிரப்புவதுதான் அதன் வேலை. எழுதியவர் கோபத்தில் அதை நீக்கிவிட்டார். அதைச் சார்ந்திருந்த மென்பொருள் திட்டங்கள் உலகம் முழுக்கக் கட்ட முடியாமல் நின்றன. அது விளையாட்டு என்று சொல்லும்படி 2025 செப்டம்பரில் ஒன்று நடந்தது. பிரபலமான தொகுப்புகளைப் பராமரிக்கும் ஒருவருக்கு என்பிஎம் நிர்வாகத்திலிருந்து வந்தது போலப் போலி மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கைப் பறித்து, சாக், டீபக் உள்ளிட்ட தொகுப்புகளில் கிரிப்டோ பணத்தைத் திருப்பிவிடும் நச்சு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கும் மேல் இறக்கப்படுபவை. அதே மாதத்தில் தானாகவே ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் நிரல் வேறு வந்தது.

இந்த இடத்தில்தான் டீனோவுக்கு மதிப்பெண் போட வேண்டும். நீங்கள் ஏனோ அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். டீனோவைத் தொடங்கியவரும் அதே ரையன் டால்தான். நோடில் எதையெல்லாம் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும் என்று 2018-ல் மேடையேறிப் பட்டியலிட்டு, அங்கேயே டீனோவை அறிமுகப்படுத்தினார். டீனோவில் நீங்கள் சொல்லாமல் ஒரு நிரல் உங்கள் கோப்பைப் படிக்க முடியாது, வெளியே பேசவும் முடியாது. எடைக் கணக்கு சர்வர் டேட்டாபேஸோடு மட்டும் பேசலாம், வேறு எங்கும் பேசக்கூடாது என்று ஓட்டும்போதே கட்டளையில் எழுதிவிடலாம். தொகுப்பு இறங்கியதும் அதன் உள்ளே உள்ள நிரல் தானாக ஓடுவதையும் அது தடுத்து வைக்கிறது. பன்னும் இந்த விஷயத்தில் ஜாக்கிரதைதான். நோடிலும் இப்போது அனுமதி முறை வந்துவிட்டது என்றாலும், நாம் கேட்டால்தான் வரும். கேட்காதவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒன்று. டீனோ 2020-ல் முதல் பதிப்பு வந்தபோது என்பிஎம் தொகுப்புகளே வேண்டாம் என்ற பிடிவாதத்தில் இருந்தது. ஜனங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை விட்டுவிட்டு வரவில்லை. 2024 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வரும்போது என்பிஎம்மோடு சமாதானமாகிவிட்டது. போட்டியால் நோடும் திருந்தியிருக்கிறது. 18-லிருந்து வேறு சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது, நிரலைச் சோதித்துப் பார்க்கும் கருவி இருக்கிறது, 22-ல் சிறிய டேட்டாபேஸான எஸ்க்யூலைட் வந்தது. முன்பு இதற்கெல்லாம் ஆளுக்கொரு தொகுப்பு தேடினோம். இப்போது ஒரு தொகுப்பு சேர்க்க வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும்.

பன்னை நான் வெறுக்கவில்லை. 2023 செப்டம்பரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற இரண்டும் வி8-ல் ஓட, இது சஃபாரி பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் எஞ்சினில் ஓடுகிறது. தொகுப்புகளை இறக்கும் வேகம் கண்ணைக் கட்டும். என் லேப்டாப்பில் சோதனைகள் ஓட்ட அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கீழ் கோத்தகிரியில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டுமென்றால், இந்தப் பதிப்பை இன்ன தேதி வரை பார்த்துக்கொள்வோம் என்று நோடைப் போல முன்கூட்டியே சொல்லும் ஒன்றைத்தான் வைப்பேன். இராத்திரி எட்டு மணிக்கு நின்றுபோனால் ஊரில் வேறு யாருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. நான் இல்லாத நாளில் தொழிற்சாலைக்காரர் அழைக்கக்கூடிய ஆள் ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான் தேர்வு செய்கிறோம்.

அதே காரணத்தால்தான் காட்டேஜ் தளங்கள் எல்லாம் பிஹெச்பியிலேயே இருக்கின்றன. கட்டுரையில் "பிஹெச்பியின் காலம் முடிந்தது" என்று ஒரு வரி. உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இருக்கின்றன, அது எழுதப்பட்டிருப்பது பிஹெச்பியில்தான். ஒரு காட்டேஜுக்கு சீசன் இல்லாத மாதத்தில் வரும் விசாரணைகளை விரல்விட்டு எண்ணலாம். அதற்காக ஒரு நோட் புரோகிராமை இரவும் பகலும் ஓடவிட்டு, அது விழுந்தால் எழுப்ப இன்னொன்றை வைத்து, மாதாமாதம் தனி சர்வருக்கு வாடகை கட்டச் சொல்வது நியாயமில்லை. பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஹெச்பி, கோரிக்கை வந்தால் வேலை செய்யும், முடிந்தால் போய்விடும். 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, முன்பதிவுப் படிவத்தில் வண்டி எண்ணுக்கு ஓர் இடமும் இ-பாஸ் தளத்துக்கு ஓர் இணைப்பும் வேண்டும் என்று எல்லா உரிமையாளர்களும் ஒரே வாரத்தில் கேட்டார்கள். எங்களிடம் அப்போது பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு தகவல் பிழை, அதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். "நோட் ஒரே திரெட்டில் ஓடுவதால் பல கோர் உள்ள கம்ப்யூட்டரில் மற்ற கோர்கள் வீண்" என்று இருக்கிறது. கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாக ஒரு திரெட்டில் ஓடுகிறது என்பது மட்டும் சரி. கோப்புகளைப் படிப்பது போன்ற வேலைகளை நோடின் உள்ளே இருக்கும் லிபயூவி என்ற நூலகம் தனியே நான்கு திரெட்களில் பார்த்துக்கொள்கிறது, அந்த எண்ணிக்கையையும் கூட்டலாம். கிளஸ்டர் வசதி மூலம் கோருக்கு ஒன்றாகப் பல நோட்களை ஓட்டலாம். கனமான கணக்கைத் தனித் திரெட்டுக்கு அனுப்ப வொர்க்கர் திரெட்ஸ் 2019-லேயே நிலைபெற்றுவிட்டது. மாதக் கடைசியில் எல்லா விவசாயிகளுக்கும் பிடிஎஃப் பில் தயாரிக்கும் வேலையை எடை பதியும் அதே திரெட்டில் ஓட்டினால், பில் முடியும் வரை கொட்டகைகளிலிருந்து வரும் எடைகள் வாசலில் நிற்கும். அதைத் தனி வொர்க்கருக்குத் தள்ளிவிட்டால் இரண்டும் நடக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு யாராவது முதலாளி, ஒரு கோர் உள்ள பழைய கம்ப்யூட்டரே போதும் என்று முடிவு செய்துவிடப் போகிறார். திருத்தம் போடும்போது, பட்டை வரைபடம் இருந்த அளவிலேயே ஒவ்வொரு ரன்டைமுக்கும் ஆதரவு முடியும் தேதிகளையும் அட்டவணையாகப் போட்டால் எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்